எட்டாவது சாக்கு

பெரிய டீச்சர் என்று அவளைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோருமே டீச்சர்கள்தான். பகலெல்லாம் தையல் மெஷினோடும் மருந்துக் கடையோடும் சொந்தப் பிள்ளைகளோடும் மாரடித்துவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஏதாவது ஓர் இரவல் அறையில் பத்துப் பெரியவர்களை உட்காரவைத்து எழுத்துச் சொல்லித்தருகிறவர்கள். அவர்களுக்குச் சொல்லித்தருவது இவள் வேலை. ஐம்பது வயது ஆளுக்கு எழுத்துத் தெரியாது என்றால் அவரிடம் எப்படிப் பேசுவது, எதைப் பேசாமல் விடுவது, எப்போது பென்சிலை அவர் கையில் கொடுப்பது, எப்போது கொடுக்காமல் டீ வாங்கிக் கொடுப்பது என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

“சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி ‘அடடே, சமத்து’ன்னு சொல்லிடாதீங்க. அவங்க நாலு பிள்ளையைக் கட்டிக் கொடுத்தவங்க. மறுநாள் வரமாட்டாங்க” என்பாள். பெருமைக்காகச் சொல்வதில்லை. பட்டுத் தெரிந்துகொண்டது.

மாதம் இரண்டு சனிக்கிழமை பயிற்சி நடக்கும். அதில் எல்லோருக்கும் பிடித்த பாடம் ‘ஏழு சாக்கு’. படிக்கத் தெரியாத பெரியவர்கள் அதை மறைக்கச் சொல்லும் சாக்குகளை அவளே நடித்துக் காட்டுவாள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன். எழுத்து ரொம்பப் பொடிசாக இருக்கிறது. கை வலி, நீங்களே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் பார்க்கிறேன். நீங்கள் படியுங்கள், உங்கள் வாயால் கேட்டால்தான் மண்டையில் ஏறும். ஆறாவது, வாய் பேசாமல் காகிதத்தைப் பார்த்துத் தலையாட்டுவது; கண்மணி நகராது. ஏழாவது கோபம்: “இதையெல்லாம் எவன் படிப்பான்?” என்று தாளைத் தள்ளிவிடுவது. ஒவ்வொன்றுக்கும் முகத்தை அவள் மாற்றுகிற விதத்தில் அறையே சிரித்துக் கிடக்கும். சிரித்து ஓய்ந்ததும் கரும்பலகையில் எழுதுவாள்: கண்டுபிடி, குறித்துக்கொள், காட்டிக்கொள்ளாதே.

அந்த மூன்றாவதற்கு ஒரு கதை உண்டு. அவள் புதிதாக வேலைக்கு வந்த வருஷம், சந்தையில் மூட்டை தூக்கும் ஓர் அம்மாளை, நல்ல எண்ணத்தில்தான், எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டாள். “உங்களுக்குப் படிக்கத் தெரியாதுதானே? பரவாயில்லைம்மா, சொல்லுங்க.” அந்த அம்மாள் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, “வேலை கிடக்கு” என்று போனவர் போனவர்தான். சந்தையில் பார்த்தால்கூட அடுத்த வரிசைக்குத் திரும்பிக்கொள்வார். அந்த ஒரு முதுகு இருபது வருஷம் கழித்தும் அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அவளுடைய வீட்டுக்காரர் பார்சல் கிடங்கில் முகவரி பார்க்கிறவர். வந்து விழும் பெட்டிகளின் மேல் எழுதியிருப்பதைப் படித்து, எந்த வண்டிக்குப் போகவேண்டுமோ அந்த எண்ணை மார்க்கர் பேனாவால் எழுதிவிடுவது வேலை. மழையில் ஊறினது, டாக்டர் எழுதினது, பஸ்ஸில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுதினது என்று எதையும் படித்துவிடுவார். கிடங்கில் யாருக்கும் பிடிபடாத முகவரி என்றால், “அண்ணன்கிட்ட கொண்டு போ” என்பார்கள்.

வீட்டிலும் படிப்பு அவர் இலாகாதான். கல்யாணமான முதல் வாரத்திலிருந்து ஒரு வழக்கம். காலையில் அவள் அடுப்படியில் நிற்பாள். அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து செய்தித்தாளை உரக்கப் படிப்பார். நடுநடுவே சொந்தச் சரக்கும் சேரும். “பாலம் அடுத்த மாசம் திறக்கறாங்களாம். போன வருஷமும் இதே அடுத்த மாசம்தான்.” அவள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சிரிப்பாள். இருபத்தாறு வருஷத்தில் அவளாகச் செய்தித்தாளைக் கையில் எடுத்த நாட்களை எண்ணிவிடலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் குரல் வரவில்லை.

அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தாள் விரித்தபடி கிடந்தது. அவர் அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க, ஊர்ல ஒண்ணுமே நடக்கலையா?”

“கண்ணாடி சரியில்ல. துடைச்சாலும் மங்கலா இருக்கு. தலை வேற பாரமா இருக்கு.”

கண்ணாடி மூக்கில் இருந்தது. நேற்று இரவுவரை சரியாக இருந்த கண்ணாடி. அவள் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். வலது பக்கம் வைத்த டம்ளரை அவர் முழங்கை தட்டிவிட்டது. துடைத்துவிட்டு இன்னொரு டீ போட்டாள்.

புதன்கிழமை, “நீதான் படியேன் இன்னிக்கு, உன் குரல்ல கேட்டு நாளாச்சு” என்றார். வியாழக்கிழமை தாளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவள் கை பாத்திரத்தில் இருந்தாலும் பார்வை அவர் கண்மணி மேல் இருந்தது. அது நகரவில்லை.

அன்று வேலைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து அவள் தன் கவனிப்பு நோட்டை எடுத்தாள். கைக்கடக்கமான நீல அட்டை நோட்டு. ஒவ்வொரு டீச்சரும் ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். மூன்று கட்டம்: தேதி, கண்டது, எது தடுக்கிறது. புதுப் பக்கத்தில் பெயர் எழுதவேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அந்த மூன்று நாளையும் எழுதினாள். கடைசிக் கட்டத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்தாள். அந்த மாதம்தான் கிடங்கில் புது இயந்திரம் வந்திருந்தது. பெட்டியைக் காட்டினால் கீச்சென்று கத்தி, எந்த வண்டி என்று தானே சொல்லிவிடும். “இனிமே படிச்சுக் கிழிச்சு என்ன ஆகப்போகுது, அதான் பொட்டி பேசுதே” என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். அவள் எழுதினாள்: மனசு விட்டுப்போயிற்று.

எவ்வளவு நேர்த்தியாகப் பொருந்திவிட்டது பாருங்கள். முப்பது வருஷம் படிப்பையே சோறாகச் சாப்பிட்டவரிடமிருந்து ஓர் இயந்திரம் அதைப் பிடுங்கிக்கொண்டது. அந்த ரோஷத்தில் படிப்பதையே விட்டுவிட்டார். இப்படி ஒருவரை எப்படி மீட்பது என்று அவளுக்குத் தெரியும். கேட்கக் கூடாது. குத்தக் கூடாது. அங்கங்கே சின்னச் சின்னதாக எழுத்தை வைத்துவிட்டு, அவராகக் கை நீட்டும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

வைத்தாள். டீ டம்ளருக்கு அடியில் ஒரு சீட்டு. டிபன் டப்பாவுக்குள் ஒரு சீட்டு, “உப்பு சரியா?” என்று. சாயங்காலம் டப்பா திரும்பி வரும்போது சீட்டும் அப்படியே எண்ணெய்க் கறையோடு வரும்.

“சாப்பாடு எப்படிங்க இருந்துச்சு?”

“பிரமாதம்.”

“உப்பு?”

“அதான் பிரமாதம்னு சொல்றேனே.”

நோட்டில் ஏறும். இதற்கிடையே ஒருநாள் அவளுக்குத் திரும்ப நேரமாகும் என்று கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போனாள்: ‘சாவி எதிர்வீட்டில் இருக்கிறது.’ ஏழரைக்கு வந்தபோது அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். சாரலில் ஒரு பக்கச் சட்டை ஊறியிருந்தது. எதிர்வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தலைக்கு மேல் கதவில் அவள் எழுத்து காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

“ஏங்க இங்க உட்கார்ந்திருக்கீங்க?”

“சும்மாதான். காத்தாட.”

கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. மூட்டை தூக்கும் அம்மாளின் முதுகு குறுக்கே வந்து நின்றது. “உள்ள வாங்க, தலையைத் துவட்டுங்க” என்றாள். அவ்வளவுதான்.

அதைவிட ஒரு கூத்து மறுநாள் நடந்தது. அவள் தலைவலி என்று படுத்திருந்தாள். அவரே காகிதம் எடுத்துக் கடைக்கு வேண்டியதை எழுதினார். சோப்பு, வெங்காயம், முட்டை, தீப்பெட்டி. முத்து முத்தான அதே கையெழுத்து, ஓர் எழுத்துப் பிசகு கிடையாது. அவள் அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் படிக்கத் திணறி எழுதத் திணறுகிறவர்களைப் பார்த்திருக்கிறாள். படிக்கத் தெரிந்தும் எழுத வராதவர்களைப் பார்த்திருக்கிறாள். எழுத வந்து படிக்க வராதவர் என்று ஒருத்தரையும் பார்த்ததில்லை. ஆகவே அப்படி ஒருத்தர் இருக்க முடியாது. இது வீம்புதான், மனசுதான் என்று தீர்மானமாகிவிட்டது. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போனவர் கடையில் அதைக் கடைக்காரரிடம் நீட்டி, “நீங்களே பார்த்துப் போடுங்க” என்றது அவளுக்குத் தெரியாது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள்கூடப் போனில் கேட்டாள். “ஏம்மா, அப்பா இப்பல்லாம் மெசேஜுக்குப் பதிலே போடறதில்ல? எல்லாத்துக்கும் குரலாவே அனுப்பறார்.”

“வயசாகுதுல்ல. தட்டறதுக்கு அலுப்பா இருக்கும்.”

“ஒரு வாட்டி நீ கேளேன்.”

“எதை எப்பக் கேட்கணும்னு எனக்குத் தெரியும்டி. நீ சாப்பிட்டியா?”

நாற்பத்தேழாவது நாள் சனிக்கிழமை. பயிற்சி. வழக்கம்போல ஏழு சாக்கையும் நடித்தாள். கண்ணாடியைத் தடவும்போது மட்டும் கை ஒரு நொடி நின்றது. யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். கரும்பலகையில் மூன்றையும் எழுதித் திரும்பினால் கடைசி வரிசையில் டீச்சர்களில் ஒருவரான தையற்காரர் கை தூக்கியிருந்தார். அவர் கை தூக்காத வகுப்பு கிடையாது. டீ இடைவேளையை நீட்டுவதற்காகவே கேட்கிறார் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

“அக்கா, காட்டிக்காம இருக்கணும்னு சொல்றீங்க, சரி. எத்தனை நாள்?”

“அவங்களா வாய் திறந்து சொல்ற வரைக்கும்.”

“சொல்லவே இல்லேன்னா?”

“சொல்லுவாங்க. நம்பிக்கை வரணும்.”

“என் வகுப்புல ஒருத்தர் அப்படித்தான் இருந்தார்க்கா. நானும் நீங்க சொன்ன மாதிரி மூணு மாசம் காட்டிக்காமயே இருந்தேன். கடைசியில அவர் என்ன சொன்னார் தெரியுமா? ‘உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன், நீங்க கண்டுக்கவே இல்லையே, சரி, நம்ம மேல அக்கறை இல்லபோலன்னு விட்டுட்டேன்’னு. அப்பதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. நாம பொறுமையா இருக்கோமா, இல்ல கேட்கறதுக்குக் கூச்சப்பட்டுக்கிட்டு அதுக்குப் பொறுமைன்னு பேர் வச்சிருக்கோமா?”

“ஆரம்பிச்சுட்டார்யா” என்று யாரோ சொல்ல, அறை சிரித்தது. அவளும் சிரித்து, “நல்ல கேள்வி, சாப்பிட்டுட்டு வந்து பேசுவோம்” என்று தப்பித்துக்கொண்டாள். வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் பார்க்கிறேன் என்பது எத்தனையாவது சாக்கு என்று அவளுக்கே உறைத்தது.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டை எடுத்தாள். தேதி போட்டாள். ஒரு வரி எழுதினாள். கடைசிக் கட்டத்திலும் எழுதினாள். எழுதியதைத் திரும்பப் பார்க்கப் பிடிக்காமல் மூடி வைத்தாள். போன் அடித்தது. கிடங்கு சூப்பர்வைசர்.

“பயப்படாதீங்க. அண்ணன் நல்லாத்தான் இருக்கார். தள்ளுவண்டி இடிச்சிடுச்சு. வலது பக்கத்துலேருந்து அவ்வளவு பெரிய வண்டி வருது, எல்லாரும் கத்தறோம், அண்ணன் பார்க்கவே இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம். நீங்க வந்துடுங்க.”

இடுப்பில் அடி, முழங்கையில் நான்கு தையல். அதோடு முடிந்திருக்கும். டாக்டர் அம்மாள் கெட்டிக்காரி. இளவயதுதான், ஆனால் எதையும் விடுகிற முகம் இல்லை. விரலை அவர் கண்ணுக்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். வலது பக்கம் போனதும் அவருக்கு விரல் தெரியவில்லை. டாக்டர் மேஜையிலிருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

“இதைக் கொஞ்சம் படிங்க.”

“கண்ணாடி கிடங்குலயே விழுந்துடுச்சு டாக்டர்.”

கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. அவள் பார்த்தாள். அவரும் அவள் பார்த்ததைப் பார்த்தார்.

“சரி, இந்தப் பெரிய எழுத்து?”

அவர் தாளைப் பார்த்துத் தலையாட்டினார். டாக்டர் பொறுத்திருந்தார்.

“எப்போலேருந்து இப்படி இருக்கு?”

“ரெண்டு மூணு நாளாத்தான் டாக்டர். வேலை ஜாஸ்தி, தூக்கமில்ல.”

“சரியாச் சொல்லணும். இதை வச்சுத்தான் நான் மருந்து முடிவு பண்ணணும்.”

“அதான் சொன்னேனே, ரெண்டு மூணு...”

“நாற்பத்தேழு நாள்” என்றாள் அவள்.

தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. பையிலிருந்து நீல நோட்டை எடுத்தாள். பக்கம் தானாகத் திறந்தது. “செவ்வாய்க்கிழமை காலை ஆரம்பம். அன்னிக்குத் தலை பாரம்னார். வலது பக்கம் வச்ச டீயைத் தட்டினார். மறுபடி மூணு தடவை தட்டியிருக்கார். பதினொண்ணாம் நாள் கதவுல ஒட்டின சீட்டைப் படிக்கல. பன்னிரண்டாம் நாள் சாமான் சீட்டு எழுதினார், பிழையில்லாம. எழுதறது போகல. படிக்கறது மட்டும்தான்.”

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதெல்லாம் நீங்களா எழுதி வச்சீங்க?”

“ஆமா.”

“இவ்வளவு சரியா யாரும் சொன்னதில்ல.” அதே மூச்சில், குரலை உயர்த்தாமல் கேட்டார்: “அப்புறம் ஏம்மா கூட்டிட்டு வரல?”

அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்தது வலியா வேறெதுவுமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

படம் எடுத்தார்கள். மூளையின் பின்பக்கம், இடது புறம், ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைபட்டிருந்தது. டாக்டர் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு விளக்கினார். கண் நன்றாகத்தான் இருக்கிறது. கண் பார்த்ததை எழுத்து என்று புரிந்துகொள்ளும் இடத்துக்குப் போகிற பாதை கெட்டுவிட்டது. எழுதுகிற பாதை வேறு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் எழுதுவார், எழுதியதை அவரே படிக்க முடியாது.

“அன்னிக்கே வந்திருந்தா?” என்று அவள் கேட்டாள்.

“அன்னிக்குக் காலையிலயே வந்திருந்தா செய்யறதுக்குக் கொஞ்சம் இருந்திருக்கும். உறுதியா எதுவும் சொல்லமுடியாது. அதைவிட, இந்த நாற்பத்தேழு நாள்ல அடுத்த அடைப்பு பெருசா வந்திருக்கலாம். வரல. அதை நினைச்சுச் சந்தோஷப்படுங்க.”

சந்தோஷப்பட முடியுமா? வார்டில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நர்ஸ் கொண்டுவந்த ரொட்டியும் முட்டையும் ஆறிக் கிடந்தன. இடது பக்கமாகத் தள்ளி வைத்தாள், அவருக்குத் தெரிகிற பக்கம்.

“என்னையும் உன் வகுப்புல சேர்த்துட்டே, இல்ல?” என்றார்.

“இல்லங்க...”

“பேர் எழுதற இடத்துல என்ன எழுதினே?”

“ஒண்ணும் எழுதல. காலியா விட்டேன்.”

“அதுவரைக்கும் புண்ணியம்.” அவர் சிரிக்கவில்லை. “தெரிஞ்சும் சும்மா இருந்திருக்கே. மழையில படியில உட்கார்ந்திருந்தேனே, அதைக்கூடத் தேதி போட்டு எழுதிவச்சிருக்கே. கதவுல என்ன எழுதியிருந்தே?”

“சாவி எதிர்வீட்டுலன்னு.”

“ரெண்டு மணி நேரம் அதையே பார்த்துக்கிட்டிருந்தேன். ஏதோ எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. உன் கையெழுத்துன்னு தெரியுது. என்ன எழுதியிருக்கேன்னு தெரியல.”

அவள் அழுதுவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் இதே போல அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் தலையாட்டிக் கேட்டிருக்கிறாள். இப்போது தலை ஆடவில்லை.

“நீங்களாவது சொல்லியிருக்கலாமேங்க.”

“யார்கிட்டச் சொல்ல? ஊருக்கெல்லாம் எழுத்துச் சொல்லித்தர்றவளோட புருஷனுக்கு எழுத்து மறந்துபோச்சுன்னா? பைத்தியம் பிடிக்கப்போகுதுன்னு நினைச்சேன். கிடங்குல அந்தப் பொட்டிதான் காப்பாத்துச்சு, அது சொல்ற நம்பரை எழுதிட்டுப் போயிடுவேன். அதை எவ்வளவு திட்டியிருக்கேன்! வீட்டுலதான் கஷ்டம். உன்கிட்ட என்ன சொல்லித் தப்பிக்கறதுன்னு யோசிச்சேன். இருபது வருஷமா வெள்ளிக்கிழமையானா அடுப்படியில நின்னு ஒத்திகை பார்க்கறியே, அந்த ஏழு சாக்கு, அதையே வரிசையா எடுத்து விட்டேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “அப்போ நான் கண்டுபிடிச்சுடுவேன்னு தெரியாதா?”

“கண்டுபிடிக்கணும்னுதான்” என்றார். “முதல் நாலு நாள் மறைக்கத்தான் பார்த்தேன். அப்புறம், இவதான் தெருவுல போறவனைப் பார்த்தே சொல்லிடுவாளே, இதோ இன்னிக்குக் கேட்பா, நாளைக்குக் கேட்பான்னு இருந்தேன். நீ உப்பு சரியான்னு கேட்டே.”

ரொட்டியைப் பிய்த்துப் பாதியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

மகள் வந்து நான்கு நாள் இருந்தாள். இருவரையும் சேர்த்துத் திட்டினாள். அப்பாவைத் திட்டும்போது மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டும், அம்மாவைத் திட்டும்போது பாத்திரம் கழுவிக்கொண்டும் திட்டினாள். “படிச்சவங்க வீட்டுலதான் இப்படிப் பேசாம செத்துப்போவாங்க” என்று ஒரு போடு போட்டுவிட்டு ஊருக்குப் போனாள். கிடங்கில் வண்டிகள் ஓடுகிற பக்கம் வேண்டாம், உட்கார்ந்து பார்க்கிற வேலை தருகிறோம் என்றார்கள். அது என்ன வேலை என்று இன்னும் அவர்களுக்கே தெரியவில்லை.

டாக்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். கண் கைவிட்டாலும் கை கைவிடாது. எழுத்தின் மேல் விரலை ஓட்டினால், எழுதுகிற பாதை வழியாக எழுத்துப் பிடிபடலாம். ஒவ்வொரு எழுத்தாக. அவளுக்கு அது புதிதே இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு அட்டையில் பெரிதாக எழுதி விரலால் ஓட்டச் சொல்லும் பாடம், அவளே டீச்சர்களுக்குக் காட்டுவது. ஆனால் வீட்டில் அந்த அட்டைகளை எடுத்து வைக்க அவளுக்குக் கை வரவில்லை. அவரும் கேட்கவில்லை. பத்து நாள் அப்படியே போயிற்று. செய்தித்தாள் தினமும் வந்து மடிப்புக் கலையாமல் அலமாரியில் ஏறியது.

வெள்ளிக்கிழமை காலை. மறுநாள் பயிற்சி. தையற்காரருக்குச் சொல்லவேண்டிய பதில் பாக்கி. அவள் மேஜையில் உட்கார்ந்து மறுநாளைக்கு எழுத ஆரம்பித்து, கண்டுபிடி, குறித்துக்கொள் என்று இரண்டு எழுதிவிட்டு, மூன்றாவதை எழுதமாட்டாமல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். அவர் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“அந்த நோட்டைக் குடு.”

“எதுக்குங்க இப்ப?”

“என்னைப் பத்தி எழுதினதுதானே? நான் பார்க்கணும்.”

“நான் படிச்சுக் காட்டறேன்...”

“நீ படிச்சா நீ விட்டுட்டுப் படிப்பே. குடு.”

கொடுத்தாள். அவர் எழுதிய பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய், வெள்ளைத்தாளுக்கு முந்தின, எழுத்து முடிகிற இடத்தில் நிறுத்தினார். நாற்பத்தேழாம் நாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் எழுதியது.

வலது கை ஆட்காட்டி விரலை முதல் எழுத்தின் மேல் வைத்தார். அவள் எழுதிய வளைவிலேயே விரல் வளைந்தது. ஒருமுறை. இன்னொருமுறை. உதடு அசைந்தது.

“இ.”

அடுத்தது வர ஒரு நிமிஷம் ஆனது. அடுப்பில் டீ கொதித்து வழிந்தது. அவள் எழுந்து அணைத்துவிட்டு வந்தபோது அவர் மூன்றாவது எழுத்தில் இருந்தார். நெற்றியில் வியர்த்திருந்தது. சொல் தெரிந்தவள் எதிரில் உட்கார்ந்து சொல்லாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலிலேயே பெரிய கஷ்டம் என்று அவள் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். அது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

“இன்...றும்.” அவர் நிமிர்ந்தார். “இன்றும்?”

“ஆமாங்க.”

“கேட்...க...” விரல் நின்றது. எழுத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடியதும் விரல் ஒழுங்காக ஓடியது. “கேட்கவில்லை. இன்றும் கேட்கவில்லை.”

அவர் விரல் கோட்டைத் தாண்டிக் கடைசிக் கட்டத்துக்குப் போனது. எது தடுக்கிறது என்று மேலே அச்சடித்திருக்கும் கட்டம். அதில் இரண்டே சொல். முதல் சொல் ஒரு வழியாக வந்தது.

“பயம்.” மறுபடி ஓட்டிப் பார்த்தார். “பயம்னு எழுதியிருக்கே. சரிதான். பயந்துதான் கிடந்தேன்.”

“அடுத்ததையும் படிங்க.”

அடுத்த சொல்லுக்கு வெயில் ஜன்னல் கம்பியிலிருந்து மேஜை ஓரத்துக்கு வந்துவிட்டது. முதல் எழுத்தை இரண்டு தடவை தப்பாகச் சொல்லித் திரும்பி வந்தார். கடைசி எழுத்தை முடித்ததும் விரலை எடுக்காமல் அதன் மேலேயே வைத்திருந்தார்.

“எனக்கு” என்றார். பிறகு மெல்ல, அவளைப் பார்த்து: “உனக்கா?”

“எனக்குத்தாங்க. மூணாம் நாளே தெரியும். கேட்டா, ஆமான்னு சொல்லிடுவீங்களேன்னு பயம். சொல்லிட்டா அப்புறம் காலையில யார் படிப்பாங்கன்னு பயம். அதுக்கு மரியாதைன்னும் பொறுமைன்னும் பேர் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.”

அவர் நோட்டை மூடினார். மூடின நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, அன்று செவ்வாய்க்கிழமை உட்கார்ந்திருந்த மாதிரியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

“அப்போ நீயும் மறைச்சிருக்கே.”

“ஆமாங்க.”

“உன் லிஸ்டுல இது எத்தனையாவது சாக்கு?”

“லிஸ்டுலயே இல்லங்க.”

“எட்டாவதாச் சேர்த்துக்கோ” என்றார். “நாளைக்கு அதையும் நடிச்சுக் காட்டு. சிரிக்கமாட்டாங்க.”

அவள் பேனாவை எடுத்தாள். மூன்றாவதை எழுதவேண்டிய இடத்தில், ‘தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிடு’ என்று எழுதினாள். எழுதிவிட்டு ஆறிப்போன டீயைச் சூடாக்க எழுந்தாள். அடுப்படிக்குள் போனவளுக்குப் பின்னால் செய்தித்தாளின் மடிப்புப் பிரியும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். அவர் தாளை இடது பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டு, பெரிய தலைப்பின் முதல் எழுத்தில் விரலை வைத்திருந்தார்.

“பா” என்றார். நீண்ட இடைவெளி. “பா...” விரல் தடுமாறியது. இன்னொரு தடவை ஓட்டினார். பிடிபடவில்லை.

அடுப்படியிலிருந்தே அவளுக்குத் தலைப்பு தெரிந்தது. பாலம்தான். மறுபடியும் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

“சொல்லட்டுமாங்க?” என்று கேட்டாள்.

அவர் நிமிரவில்லை. “வேண்டாம்” என்றார். விரலைத் தூக்கி மறுபடி முதலில் வைத்துக்கொண்டு, “ஆனா கேட்டுக்கிட்டே இரு. விட்டுடாதே” என்றார்.